ஆழ்கடல் நண்டுகளை ஆராய்ந்த அல்கொக்

அல்பிரட் வில்லியம் அல்கொக் என்னும் பெயரை உங்கள் பாடநூல்களிற் காண்பது அரிது. ஆயினும் இந்து சமுத்திரத்து நண்டினங்களைப் பற்றி எழுதப் புகும் உயிரியல் அறிஞர் எவரும் இவரது நூல்களைப் புரட்டாமல் இருப்பதில்லை.

கப்பல் தலைவர் ஒருவரின் மகனாக 1859 இல் பம்பாயிற் பிறந்த அல்கொக், இங்கிலாந்திலே கல்வி கற்றார். தந்தையார் பொருளை இழந்தமையால் படிப்பு இடையில் நின்றது. பதினேழு வயதில், வயநாட்டிற் கோப்பித் தோட்டம் செய்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். கோப்பியும் நலிந்தது. கல்கத்தாவிற் கிடைத்த அலுவலக வேலையும் நிலைக்கவில்லை. பின்னர் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைச் சேர்த்தனுப்பும் வேலை. (எமது மலையக மக்களின் முன்னோரும் இத்தகைய ஆள்சேர்ப்பினாலேயே கடல் கடந்தனர். போற்றத்தக்க தொழிலன்று அது.) அந்நாளில் அறிமுகமான ஒருவர் விட்டுச் சென்ற நூல்களிடையே, உடலியலை விளக்கும் சிறியதொரு தொடக்க நூல் அவர் கைக்கு எட்டியது. அதுவே வழியை மாற்றியது. டார்ஜிலிங்கிலே பாடசாலை உதவியாசிரியராகச் சிறிது காலம் பணியாற்றியபின், 1881 இல் அபர்டீன் சென்று மருத்துவம் கற்கத் தொடங்கினார். இருபத்திரண்டு வயதில் மீண்டும் மாணவரானார்! கற்ற தொழில் ஒன்றும் செய்யும் தொழில் வேறொன்றுமாக இந்நாட்டில் வாழும் பெற்றோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1888 இல் ‘இன்வெஸ்டிகேற்றர்’ என்னும் கடலளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் அமர்ந்தார். வங்கக் கடல், அந்தமான் கடல், இலங்கையைச் சூழ்ந்த கடல் எங்கணும் அக்கப்பல் ஆழத்தை அளந்தது. இழுவை வலையால் அடித்தளத்து உயிர்களையும் வாரி எடுத்தது.

ஆண் நண்டுக்கும் பெண் நண்டுக்குமுள்ள வேற்றுமையை முதலிற் கரையிலேயே அவர் கூர்ந்து நோக்கினார். சேற்றுத்திடல்களில் வாழும் சிறு நண்டினம் ஒன்றில், ஆணுக்கு மாத்திரம் ஒரு கொடுக்கு உடலளவு பெருத்து, ஒளிரும் நிறம் பெற்றிருக்கும். பெண்ணுக்கு இரண்டும் சிறியவை. அப்பெருங்கொடுக்கு மற்ற ஆண்களோடு பொருதற்கும், அசைத்துக் காட்டிப் பெண்ணைக் கவர்தற்கும் உதவுகின்றது என 1892 இல் எழுதினார்.

ஆனால் ஒளி புகாத ஆழத்தில் நிறத்தால் ஆவது யாது? அங்கு வாழும் துறவி நண்டுகளோ, இறந்த சங்குகளினுள் உடலை மறைத்துக்கொள்பவை. வெளியே இழுத்தெடுத்துக் கண்ணாடி கொண்டு பார்த்தாலன்றி ஆண், பெண் தெரியாது. பெண்ணின் இனப்பெருக்கத் துளைகள் மூன்றாம் சோடிக் கால்களின் அடியிலும், ஆணினுடையவை ஐந்தாம் சோடியின் அடியிலும் இருக்கும். பெண்ணின் மென்மையான வயிற்றில், பெரும்பாலும் இடப்புறத்தில் மாத்திரம், மயிரடர்ந்த சிறுகால்கள் உண்டு. முட்டைகளை அவற்றில் ஒட்டவைத்தே சுமக்கிறது. ஆழ்கடல் இனங்கள் பலவற்றில் ஆணின் வயிற்று முன்பகுதியிலுள்ள இரு சோடிச் சிறுகால்கள் இனப்பெருக்கத்துக்கென உருமாறியிருக்கும். பல இனங்களிற் கொடுக்கின் பருமனும் வேறுபடும். இவற்றை அறியாதவர் ஓரினத்து ஆணையும் பெண்ணையும் ஈரினங்களெனப் பெயரிட்டுவிடுவர். அத்தகைய பிழைகள் விலங்கியலில் மிகப் பல.

அந்தமான் கடலில் அகப்பட்ட துறவி நண்டொன்று என் மனத்தை விட்டகலாதது. சங்கில் அன்றி, கடலில் மூழ்கிய மூங்கில் துண்டில் அது குடியிருந்தது! உடல் சுருளாமல் நேராகவே இருந்தது. இரு கொடுக்குகளையும் சேர்த்து, கதவடைப்பதுபோல் வாயிலை அடைத்துக்கொள்ளுமாம்.

1893 இல் கல்கத்தா இந்திய நூதனசாலையின் பொறுப்பாளரானார். 1901 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. துறவி நண்டுகளின் விரிவான விவரப் பட்டியல் 1905 இல் வெளிவந்தது. மறு ஆண்டில், நூதனசாலை நிருவாகத்தோடு ஏற்பட்ட பிணக்கினால் பதவி துறந்தார்.

நண்டுகளை அத்துடன் விட்டு, இலண்டனில் வெப்பமண்டல நோய்களைப் பரப்பும் பூச்சிகளைப் பற்றி மருத்துவர்களுக்குக் கற்பிக்கலானார். நாற்பத்தேழு வயதில் மீண்டும் ஆசிரியர். 1933 மார்ச் 24 இல் காலமானார்.