தங்கையைப் பறித்த நோய்க்கு ஆஸ்பத்திரி கட்டிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

சென்னை அடையாறில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர்கள் குறைவு. பிழைப்புக்காக வெளிமாநிலம் போனவர்கள் வீட்டில்கூட, ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் முதலில் நினைவுக்கு வருவது அடையாறுதான்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண் டாக்டர், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி உருவாக்கிய ஆஸ்பத்திரி அது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி, புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், கல்வித் துறையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்.

பெண்கள் பெரியவளானதும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமி வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு ஆண்கள் மட்டுமே படித்து வந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். கல்லூரிக் கதவு திறந்தது.

1907-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் அவர்தான் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது, திருமணத்துக்கு முன்பே அவர் போட்ட நிபந்தனை.

தங்கையின் மரணம்

அவருடைய தங்கை சுந்தராம்பாளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சீதபேதி என்று நினைத்து வைத்தியம் நடந்தது. அது மலக்குடலில் வந்த புற்றுநோய் என்று தெரிந்தபோது, காலம் கடந்துவிட்டது.

முத்துலட்சுமி கூடவே இருந்து தங்கையைக் கவனித்தார். வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவர் மனதை விட்டு அகலவே இல்லை.

1925-ல், பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேல்படிப்புப் படிக்க, அரசு உதவிச் சம்பளத்தில் லண்டன் சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இருப்பதைப் பார்த்தார். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த வழி உண்டு என்பதையும் அறிந்தார். நம் ஊரிலும் அப்படி ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று முடிவு செய்தார்.

சட்டசபையில்

நாடு திரும்பியதும் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927-ல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அதற்கான முழுமையான சட்டம் 1947-ல் நிறைவேறியது. காந்திஜி 1930-ல் கைது செய்யப்பட்டதும் பதவியை உதறினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

இத்தனை வேலைகளுக்கு இடையிலும் ஆஸ்பத்திரி எண்ணம் மறையவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அந்த மேடையிலேயே வற்புறுத்தினார்.

பெண்கள் திரட்டிய நிதி

புற்றுநோய் வந்தால் சாவு நிச்சயம், அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம், படித்தவர்களிடமும் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் அன்று ஊறிக் கிடந்தது. அரசிடம் எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை.

முத்துலட்சுமி சோர்ந்துவிடவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டராகி, புற்றுநோய் சிகிச்சையில் வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்து தாயாருக்குத் துணை நின்றார்.

1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. சிறிய கட்டிடம், மொத்தம் 12 படுக்கைகள். மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ல் மறையும்வரை அந்த ஆஸ்பத்திரியே அவருடைய வீடாக இருந்தது.

பணம் இல்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே அந்த ஆஸ்பத்திரியின் அடிப்படை. ஏழைகளுக்கு இலவசமாகவோ, குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தரும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி காலமானார்.

மறைக்கக் கூடாது

இன்று சென்னைப் பெண்களுக்கு அதிகமாக வருவது மார்பகப் புற்றுநோய்தான். பெரும்பாலும் அது முதலில் வலிக்காத கட்டியாகத் தொடங்குகிறது. வலி இல்லையே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வெட்கப்பட்டுக் கணவனிடம்கூடச் சொல்லாமல் மறைப்பவர்களும் உண்டு. வீட்டு வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம், செலவு என்று நாளைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. காலம் கடப்பது இப்படித்தான்.

தாய் படுத்துவிட்டால் வீடே நின்றுவிடும். மருந்துச் செலவு ஒரு பக்கம். ரெயில் கட்டணம், தங்கும் இடம், சம்பளம் இல்லாத நாட்கள், பிள்ளைகளுக்குச் சோறு என்று மறுபக்கம். அதனால் பல ஊர்களில் தர்ம ஸ்தாபனங்கள், வெளியூர் நோயாளிகளுக்கும் துணைக்கு வருபவர்களுக்கும் தங்க இடமும் சாப்பாடும் தருகின்றன. ஆஸ்பத்திரியில் உள்ள சமூகநல ஊழியரைக் கேட்டால் விவரம் தெரியும்.

சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரெயிலில் படுக்கை வசதி வகுப்பில் அடிப்படைக் கட்டணம் இல்லை. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு. ஆஸ்பத்திரி கொடுக்கும் சான்றிதழ் இருந்தால் போதும்.

ஊருக்கு வந்துதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. பம்பாய் பரேலில் 1941 முதல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும், பெங்களூரில் 1973 முதல் கித்வாய் ஆஸ்பத்திரியும் இயங்குகின்றன.

சுந்தராம்பாளுக்கு அன்று இந்த வசதிகள் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குறை இன்னொரு குடும்பத்துக்கு வரக் கூடாது என்றுதான் அவருடைய அக்காள் பாடுபட்டார். கட்டி தென்பட்டால் மறைக்காமல், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். முத்துலட்சுமி அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.