கடல் கடந்த சிராவகர் வீர்சந்த் காந்தி

மண்டகப்பட்டுப் பக்கத்திலும் மேல்சித்தாமூர்ச் சாலையிலும் முனிவர்கள் விஹாரம் செல்லக் கண்டோர், வெறுங்காலுடன் நடக்கும் அவ்விரதத்தின் கடுமையை அறிவர். அவர்கள் வண்டியேறார், கப்பலேறார். 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் கூடிய உலகச் சமயப் பேரவைக்கு ஆசாரியர் ஆத்மாராம்ஜி அழைக்கப்பெற்றபோது எழுந்த இடர் இதுவே. விரதத்தை விடல் இயலாது; அழைப்பை மறுத்தாலோ அம்மன்றத்தில் ஜைன அறத்தின் குரல் எழாது. ஆசாரியர் இல்லறத்தார் ஒருவரை அனுப்பத் துணிந்தார். அவரே வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. அப்போது அவருக்கு வயது 29.

குஜராத்தைச் சேர்ந்த மஹுவாவில் 25-8-1864 அன்று பிறந்தவர் அவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1884இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே இந்திய ஜைன சங்கத்தின் செயலாளரானார். அவர் சுவேதாம்பரர், திகம்பரராகிய நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் நம்முள் உண்டு. இருபது தீர்த்தங்கரர் முத்தியடைந்த சம்மேத சிகரத்தில் ஆங்கிலேயர் ஒருவர் பன்றிகளைக் கொன்று கொழுப்பெடுக்கும் ஆலையை நிறுவியபோது, அதை எதிர்த்துக் கல்கத்தா சென்றவர் இவரே. பழைய ஆவணங்களைப் படிக்க வேண்டி வங்க மொழியையே கற்றார், வழக்கில் வென்றார். சிகர யாத்திரை சென்று வந்த நம் குடும்பங்களில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

உணவு நெறி தவறாதிருக்க ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் கப்பலேறினார். கத்தியவார்த் தலைப்பாகையும் சால்வையுமாகப் பேரவையில் தோன்றிய அவர், செப்டம்பர் 25ஆம் நாள் ஜைன ஒழுக்கத்தையும் தத்துவத்தையும் விளக்கினார். அதற்கு முன்பு கிறித்தவப் பாதிரியார் ஒருவர் இந்துக் கோயில்களின் தேவதாசியரைச் சுட்டி இந்து சமயத்தை இழித்துரைத்திருந்தார். அது தம் சமயத்தைப் பற்றிய பழியன்று என்று வீர்சந்த் வாளா இருந்திருக்கலாம். இருக்கவில்லை, தம் உரையைத் தொடங்குமுன் அப்பழிக்கு விடை கூறினார். பிறர் கொள்கையிலும் ஒரு பக்க உண்மையைக் காணும் அநேகாந்தத்தை அவர் விளக்கிய விதம் இதுவென்றே நாம் கொள்கிறோம்.

பேரவை முடிந்ததும் அவர் ஊர் திரும்பிவிடவில்லை. பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் முதலிய நகரங்களிலும் இங்கிலாந்திலும் நூற்றுக்கணக்கான சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். வினைக் கோட்பாடு, யோகம், புலால் மறுத்தல் எனப் பலவும் பேசினார். கேட்டோர் சிலர் புலாலை விட்டனர். பின்னும் இருமுறை மேலை நாடுகளுக்குச் சென்றார். 1896-97இல் இந்தியாவைப் பஞ்சம் வாட்டியபோது, அமெரிக்காவில் நிதி திரட்டிப் பணமும் ஒரு கப்பல் தானியமும் அனுப்பச் செய்தார்.

இத்தனையும் செய்தவருக்குத் தாயகத்தில் கிடைத்தது யாது? கடல் கடந்தமைக்காகச் சாதி விலக்குச் செய்ய வேண்டும் என்ற கூச்சல்! அவருடன் அதே பேரவையில் பேசிய சுவாமி விவேகானந்தர், 1894இல் ஜூனாகட் திவானாயிருந்த தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதனைக் குறித்து வருந்தியுள்ளார். அந்நாட்டுக் கொடுங்குளிரிலும் காய்கறியன்றி வேறொன்றும் தீண்டாத வீர்சந்தை அந்நாட்டார் விரும்புகின்றனர் என்றும், அனுப்பியவர்களோ விலக்க முயல்கின்றனர் என்றும் அதில் குறிப்பிட்டார். வேற்றுச் சமயத் துறவி ஒருவர் கூறித்தான் நம்மவர் பெருமையை அறிய வேண்டியிருந்தது. ஆயினும் ஆசாரியர் ஆத்மாராம்ஜி தம் சீடரைக் கைவிடவில்லை.

ஓயாத அலைச்சல் உடலை உருக்கியது. நோயுற்றுத் தாயகம் மீண்ட வீர்சந்த், 7-8-1901 அன்று, 37 வயது நிறையுமுன் காலமானார். ஜைன தத்துவம், வினைத் தத்துவம், யோகத் தத்துவம் ஆகியன பற்றிய அவர்தம் ஆங்கில உரைகள் அவருக்குப் பின்னரே தனித்தனி நூல்களாக வெளிவந்தன. 2002இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. சிகாகோ ஜினாலய வளாகத்தில் அவருடைய சிலை, அதே தலைப்பாகையுடன் நிற்கிறது.