வீரமாமுனிவரும் உத்தரிக்கிற ஸ்தலமும்

கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றி, மரித்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். நம் புரொட்டஸ்டாண்டு உறவினர் கல்லறைக்குப் பூவோடு வந்தாலும், இறந்தவருக்காகப் பூசை கேட்பதில்லை. ஏன் என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? இத்தகைய தர்க்கங்களின் நடுவே வாழ்ந்த ஒருவரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

பெஸ்கி சுவாமியார் 1680ம் ஆண்டு நவம்பர் 8ந் தேதி இத்தாலியாவில் பிறந்தார். 1698ல் சேசு சபையில் சேர்ந்து, 1710ல் இந்தியா வந்தார். தமிழைக் கசடறக் கற்று வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணியில் 3,615 பாடல்கள் பாடினார். 1732ல் சதுரகராதி தந்தார். நம் கள்ளக்குறிச்சிச் சீமைக்குக் கிழக்கேயுள்ள கோனான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோவில் அவர் எழுப்பியதே.

அவர் வருமுன்பே, 1706ல், லுத்தர் சபைக் குருவாகிய ஸீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியிருந்தார். அங்கே அச்சுக்கூடம் இருந்தது. முனிவரிடமோ ஓலையும் எழுத்தாணியுமே. 1728ல் அவர்களுக்கு மறுமொழியாக வேதவிளக்கம் எழுதினார்.

இரு சபைகளையும் பிரித்த காரியங்களில் ஒன்று உத்தரிக்கிற ஸ்தலம். தேவ இஷ்டப்பிரசாதத்தோடு மரித்தும் முழுச் சுத்தம் அடையாதவர்கள் அங்கே சுத்திகரிக்கப்படுகிறார்கள். நம் ஜெபமும் பூசையும் அவர்களுக்கு உதவும் என்கிறது திருச்சபை. அது சாவுக்குப்பின் மனந்திரும்ப இரண்டாந் தவணையன்று. அங்குள்ளோர் யாவரும் மோட்சம் சேருவார்கள். இறந்தோருக்காகப் பலி செலுத்தியதைக் கூறும் மக்கபே ஆகமத்தை நாம் வேதமாக ஏற்கிறோம். லுத்தர் சபையார் அதை வேதப் பிரமாணமாகக் கொள்வதில்லை. விசுவாசிக்குக் கிறிஸ்துநாதரின் பலியே போதும் என்பார்கள். அப்பலியின் பலனன்றி வேறு சுத்திகரிப்பு உண்டென்று நாமும் சொல்வதில்லை.

1517ல் லுத்தர் கண்டித்த பலன் வியாபாரம் உண்மையாகவே நடந்தது. அதை மறைக்க வேண்டாம். 1563ல் திரெந்து சங்கம் இந்தச் சத்தியத்தை உறுதிசெய்தபோதே, இதை வைத்துப் பணம் தேடுவதையும் மூட பக்தியையும் விலக்கியது.

ஆகையால் வாசகர்களே, சம்பந்தி வீட்டில் சாவு நேர்ந்தால் வாதாடாதேயுங்கள். துக்கத்தில் பங்குகொள்ளுங்கள், அவர்களுடைய ஆத்துமத்துக்காக அமைதியாய் ஜெபியுங்கள். பிள்ளை கேட்டால் மட்டும் தெளிவாய்ச் சொல்லிக்கொடுங்கள்.

முனிவர் 1747ல் மரித்தார். இன்றிரவு குடும்ப ஜெபமாலையில் அவருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்வீர்களா?