வெள்ளியைத் தேடி வந்த விண்ணறிஞர்

மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் தை மாதத்து முன்னிரவில், காரைக்கால் கடற்கரையில் நின்று வடமேற்கே நோக்கினால் ஆண்ட்ரோமீடா என்னும் விண்மீன் கூட்டம் தோன்றும். அதன்கண் புகை படர்ந்தாற்போன்ற மங்கிய ஒளித்திட்டு ஒன்று உண்டு. குழிவான ஆடியைக் கொண்டு ஒளியைத் திரட்டும் எதிரொளிப்புத் தொலைநோக்கியில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தி, அவ்விடத்தை நெடுநேரம் படமெடுத்தால், அத்திட்டு எண்ணற்ற விண்மீன்கள் செறிந்த பெருந்திரளாகப் பதியும். அதனருகே சிறு பஞ்சுத் துணுக்குப் போல மற்றொரு திரளும் காணப்படும். அச்சிறு திரளை முதன்முதல் கண்டறிந்தவர் கியோம் லெ ஜாந்தீ என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் பின்னாளில் இச்சோழமண்டலக் கரைக்கே வந்து, தம் வாழ்நாளின் பெரிய ஏமாற்றத்தை அடைந்தார்.

லெ ஜாந்தீ 1725-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியிலுள்ள கூத்தான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். சமயக் கல்வி பயிலும் பொருட்டுப் பாரிஸ் நகருக்குச் சென்ற அவர், ஆங்கே தெலீல் என்னும் வானநூற் பேராசிரியரின் விரிவுரைகளைக் கேட்டார். அன்று முதல் அவர் உள்ளம் விண்ணையே நாடியது. பாரிஸ் வானாய்வு நிலையத்தில் பயிற்சி பெற்று, இரவுதோறும் வானை ஆராய்ந்தார். 1749-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தம் இருபத்து நான்காம் வயதில், ஆண்ட்ரோமீடா ஒளித்திட்டின் அருகே அச்சிறு திட்டினைக் கண்டு குறித்து வைத்தார். அஃது யாதென்று அந்நாளில் ஒருவரும் அறியார். 1753-இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அக்காலத்து அறிஞர்கள், பூமியிலிருந்து கதிரவன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைத் துல்லியமாக அறிய விரும்பினர். வெள்ளிக்கோள் கதிரவனுக்கு முன்னே சிறு கரும்புள்ளி போலக் கடந்து செல்லும் நிகழ்ச்சி அதற்கு வழிகாட்டியது. உலகின் பல இடங்களிலிருந்து அந்நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால், கதிரவனின் தொலைவைக் கணக்கிடலாம். அந்நிகழ்ச்சி 1761-இலும் 1769-இலும் வருவதாயிருந்தது. அதன்பின் 1874 வரை காத்திருத்தல் வேண்டும். ஆதலின் அறிஞர் பலர் பல நாடுகளுக்கும் புறப்பட்டனர். லெ ஜாந்தீக்குப் புதுச்சேரி உரியதாயிற்று.

அவர் 1760-ஆம் ஆண்டு மார்ச்சில் கப்பலேறி, சூலையில் மொரீஷியஸ் தீவை அடைந்தார். அப்போது பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் கடும்போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டிலேயே காரைக்கால் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1761 சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. இதனை அறியாது மார்ச்சில் மொரீஷியஸை விட்டுப் புறப்பட்ட லெ ஜாந்தீ, மே மாதத்தில் மாகேக் கரையை அணுகியபோதே செய்தியைக் கேட்டார். கப்பல் வந்த வழியே திரும்பியது. சூன் 6-ஆம் நாள் வெள்ளி கதிரவனைக் கடந்தபொழுது, அவர் நடுக்கடலில் இருந்தார். காட்சி கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும், அசைந்தாடும் கப்பலில் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்க இயலவில்லை.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பர். லெ ஜாந்தீயோ, அடுத்த வாய்ப்புக்காக எட்டாண்டுகள் கீழைக் கடற்பகுதியிலேயே தங்கத் துணிந்தார். அவ்விடைக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. மடகாஸ்கர்த் தீவின் கரைகளை அளந்தார். பின்னர் மணிலாவுக்குச் சென்றார். புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்தமையால், 1768 மார்ச்சில் அங்கு வந்து சேர்ந்தார். ஆளுநர் லா என்பார் அவரை அன்புடன் வரவேற்று, போரில் இடிந்த கோட்டையின் மீது வானாய்வு நிலையம் அமைத்துத் தந்தார். நேற்றுவரை பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயரும் அவருக்குத் தொலைநோக்கி ஒன்றை இரவல் அளித்தனர்.

புதுச்சேரியில் அவர் தமிழரின் கணித முறையைக் கற்றார். தமிழ்க் கணியர் காகிதமும் எழுதுகோலும் இன்றி, சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாய்பாடுகளால் கிரகணங்களைக் கணித்தனர். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு இம்முறைப்படி 41 நொடிகளே குறைவாக வந்தது. ஐரோப்பாவில் பெருமதிப்புப் பெற்ற மேயரின் அட்டவணைப்படியோ 68 நொடிகள் மிகுதியாக வந்தது. இவ்வுண்மையை அவர் மறையாது எழுதிவைத்தார்.

எதிர்பார்த்த நாள் வந்தது. 1769 சூன் 3-ஆம் நாள் இரவு வானம் மாசற்று விளங்கியது. ஆளுநரும் அவரும் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டு மகிழ்ந்தனர். ஆனால், மறுநாள் விடியலில் காற்று எழுந்தது; கருமேகம் திரண்டு கதிரவனை மறைத்தது. வெள்ளி கடந்து போயிற்று. அதன்பின் சிறிது நேரத்தில் மேகம் கலைந்து, கதிரவன் நாள் முழுதும் ஒளி வீசினான். அவர் முன்பு தங்கியிருந்த மணிலாவிலோ அன்று காலை வானம் தெளிவாகவே இருந்தது. மனமுடைந்த லெ ஜாந்தீ இரண்டு வாரங்கள் எழுதுகோலைத் தொடவும் இயலாதவரானார்.

பின்னர் நோயுற்றுப் புயலில் அலைப்புண்டு, 1771 அக்டோபரில் அவர் தாயகம் அடைந்தார். அங்கு அவர் இறந்துவிட்டதாகக் கருதி, உறவினர் அவர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். இத்தனைக்கும் அவர் தளரவில்லை. மணம் புரிந்து மகளைப் பெற்றார். தம் பயண வரலாற்றை 1779-இலும் 1781-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் மறைந்தார்.

அவர் தேடியது கிட்டவில்லை. பிறர் பல இடங்களில் குறித்த அளவுகளால், கதிரவன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளதெனத் தெளிவாயிற்று. ஆயின், அவர் இளமையில் குறித்த சிறு ஒளித்திட்டு அழியாப் புகழ் பெற்றது. 1888-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் என்னும் கட்டட வணிகர், வானியலைத் தொழிலாகக் கொள்ளாதவராயினும், 20 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்து, அதன் சுழல் வடிவை உலகுக்குக் காட்டினார். 1923-இல் அமெரிக்க அறிஞர் ஹபிள், அங்குள்ள விண்மீன் ஒன்றைத் தம் ஒளிப்படத் தகட்டில் கண்டு, அது நம் பால்வழிக்கு அப்பாலுள்ள தனித்த திரள் என நிறுவினார். லெ ஜாந்தீ கண்ட துணைத்திரளும் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதென இன்று அறிகின்றோம்.

கதிரவனின் தொலைவை அளக்கக் கடல் கடந்து வந்து வெறுங்கையுடன் மீண்டவர், அதனினும் பன்மடங்கு தொலைவிலுள்ள ஒளியை முன்னரே கண்டிருந்தார். தாம் கண்டது இன்னதென அவரே அறியவில்லை. கண்டதைக் கண்டவாறே குறித்து வைக்கும் உழைப்பு, என்றேனும் ஒருநாள் பயன் தந்தே தீரும் என்பதற்கு லெ ஜாந்தீயின் வாழ்வே சான்றாகும்.