மந்திரி பதவியைத் துறந்த கோவைத் தமிழர்

வெண்ணெய்க்குப் பேர் போன ஊர் ஊத்துக்குளி. வெண்ணெய் நிறுக்கும்போது தராசு முள் நடுவில் நிற்க வேண்டும். முள் சாய்ந்தால் வாங்குகிறவர் மறுபடி அந்தக் கடைக்கு வருவாரா? வரி வாங்கும் சர்க்காருக்கும் இதே நியாயம்தான். இதற்காக ஒரு நிதி மந்திரியே பதவியை விட்டார். அவரும் நம் கோவைச் சீமைக்காரர்தான்.

அவர்தான் ஆர்.கே.சண்முகம் செட்டியார்.

1892-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி கோயமுத்தூரில் பிறந்தார். சென்னையில் சட்டம் படித்தார். 1933-ல் டெல்லி மத்திய சட்டசபையின் தலைவர் ஆனார். மறு வருஷம் தேர்தலில் தோற்றார். ஆனாலும் மனம் தளரவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார்.

1947-ல் நாடு விடுதலை பெற்றது. செட்டியார் காங்கிரஸ்காரர் அல்ல. அப்படி இருந்தும் நேருவின் மந்திரி சபையில் நிதி இலாகா அவருக்குக் கிடைத்தது. நவம்பர் 26-ந் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். ஏழரை மாதக் கணக்கு அது. வரவு சுமார் 171 கோடி ரூபாய். செலவு சுமார் 197 கோடி. 26 கோடி ரூபாய் துண்டு விழுந்தது.

அந்தச் சமயத்தில் ஒவ்வொரு ரூபாய் வரியும் நாட்டுக்குத் தேவை. ஆனால் உலக யுத்த காலத்தில் கொழுத்த லாபம் சம்பாதித்த பலர் வருமான வரியை ஏய்த்திருந்தனர். அவர்களை விசாரிக்க 1947-ல் சட்டம் செய்து, ஒரு கமிஷன் அமைத்தார்கள். சந்தேகத்துக்கு உரியவர்களின் பெயர்களைச் சர்க்கார்தான் கமிஷனுக்கு அனுப்ப வேண்டும்.

அனுப்பிய பெயர்களில் சில, பிறகு திரும்பப் பெறப்பட்டன. விஷயம் வெளியே வந்தது. ஏழைக்கு ஒரு சட்டம், பணக்காரனுக்கு ஒரு சட்டமா என்ற கேள்வி எழுந்தது. சட்டசபையிலும் கண்டனம் கிளம்பியது.

இலாகாவில் நடந்ததற்கு மந்திரிதானே பொறுப்பு? 1948 ஆகஸ்டு மாதம் செட்டியார் ராஜினாமா செய்தார். ஒரு வருஷமே மந்திரியாக இருந்தார். பிறகு ஜான் மத்தாய் நிதி மந்திரி ஆனார்.

செட்டியார் தமிழ் மீது தீராத பற்று உள்ளவர். தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினார். 1953 மே 5-ந் தேதி காலமானார்.

கடன் வாங்கித் தறி ஓட்டுகிறவரும் வரி கட்டுகிறார். பெரிய மில் முதலாளியும் கட்டுகிறார். இருவருக்கும் ஒரே தராசு என்ற நம்பிக்கை வேண்டும். அது இருந்தால்தான் கஜானா நிறையும்.