குரல் காத்த ஒல்லாந்தர்

ஏட்டில் எழுதிய சொல் சில நூற்றாண்டு வாழும். கல்லில் வெட்டிய சொல் ஆயிரம் ஆண்டும் நிற்கும். வாயிற் பிறந்த சொல்லோ பிறந்த கணத்திலேயே காற்றிற் கலந்து மறைந்துவிடுகின்றது. கேள்விக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் காலந்தொட்டுச் செவிச்செல்வத்தின் சிறப்பை நாம் பேசி வருகின்றோம். ஆயினும் அச்செல்வத்தைச் சேமித்து வைக்கும் பெட்டகம் நம் முன்னோர்க்குக் கிட்டவில்லை. அது மனிதனுக்குக் கைவந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது.

மாத்தளை மாவட்டத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலை அடுத்து லக்கல என்னும் பகுதி உளது. அங்குள்ள மக்கள் நெடுங்காலமாகச் சேனைப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். காட்டைத் திருத்திக் குரக்கன் விதைத்து, யானையும் பன்றியும் புகாவண்ணம் இரவெல்லாம் காவற்பரணில் விழித்திருக்கும் உழவன், தன் தனிமையும் அச்சமும் தீரப் பாடிய பாடல்கள் சிங்கள நாட்டார் இலக்கியத்தில் ஒரு தனி வகையாகும். தினைப்புனங் காத்த குறிஞ்சி மகளிரைப் பற்றிக் கற்ற தமிழ் மாணவர்க்கு இக்காட்சி புதியதன்று. 2018ஆம் ஆண்டளவில் களு கங்கை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய பல்லேகம ஊர் நீரினுள் மறைந்தது. மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். வீட்டுக்கு வீடும் வயலுக்கு வயலும் ஈடாகக் கொடுத்தல் கூடும். பரண் போனபின் பரண்பாட்டுக்கு எதனை ஈடாகக் கொடுப்பது?

மறையும் பாட்டை மறையுமுன் பிடித்து வைத்தலே தம் வாழ்வின் தொழிலாகக் கொண்ட பெரியார் ஒருவர் இருந்தார். தமிழகத்திலும் மலையாளத்திலும் நேபாளத்திலும் அலைந்தவர். 1930களின் தொடக்கத்தில் நம் இலங்கைக்கும் வந்து இந்நாட்டு இசையைப் பதிவு செய்தவர். ஆர்னோல்ட் பாக்கே என்பது அவர் பெயர்.

ஒல்லாந்தர் என்றதும் நமக்குக் கோட்டைகளும் தோம்புகளும் நினைவுக்கு வரும். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அவர்கள், காணி எது, உடையவர் யார், எவ்வூர் என்று நிலங்களையும் மக்களையும் தோம்புகளிற் பதிந்து வைத்தனர். வரி கருதிய பதிவு அது. அந்நாட்டிலே பிறந்த பாக்கே எழுதியதும் ஒருவகைத் தோம்பே. ஆனால் அது குரல்களின் தோம்பு.

அவர் 1899ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் ஹில்வர்சம் என்னும் ஊரிலே தோன்றினார். பழைய வானொலிப் பெட்டிகளின் முகப்பிலே நிலையப் பெயர்களுள் ஒன்றாக அவ்வூர்ப் பெயரும் பொறிக்கப்பட்டிருந்ததை முதியோர் அறிவர். இளமையிலேயே பாட்டுப் பயின்ற பாக்கே, பல்கலைக்கழகத்திலே கீழைத்தேய மொழிகளைக் கற்று வடமொழியில் ஆழ்ந்தார். தாமோதரர் என்பார் இயற்றிய சங்கீத தர்ப்பணம் என்னும் இசை நூலை அவர் ஆராயத் தொடங்கினார். ஏட்டிலே சுருதியும் இராகமும் வரையறுக்கப்பட்டிருந்தன. ஏடு மட்டும் பாடிக் காட்டுமா? பாடுவாரின் வாயிலிருந்தே அதனைக் கேட்கவேண்டும் என்று துணிந்து, துணைவியார் கொர்னேலியாவுடன் 1925இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனம் அவரை ஏற்றுக்கொண்டது. 1929 வரை அங்கே தங்கி, ஆசிரியரின் முன்னமர்ந்து மாணவனாக இசை கற்றார். 1927இல் தாகூர் சாவகத்துக்கும் பாலித் தீவுக்கும் சென்றபோது பாக்கே தம்பதியரும் அப்பயணத்திற் பங்குகொண்டனர். தாகூரின் பாடல்கள் இருபத்தாறினை அவர் மேலைநாட்டு இசைக் குறியீட்டில் எழுதி, 1935இல் பாரிசிலே நூலாக வெளிவரச் செய்தார். சங்கீத தர்ப்பண ஆய்வும் 1930இல் அவருக்கு முனைவர் பட்டத்தை ஈட்டித் தந்தது.

இசையைக் குறியீட்டில் எழுதுவோர் யாவரும் காணும் இடர் ஒன்றுண்டு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை ஐந்து கோடுகளில் எங்ஙனம் நிறுத்துவது? குரலின் நடுக்கத்தை எந்தக் குறியால் உணர்த்துவது? ஆகவே எழுதுகோலுடன் பொறியும் வேண்டியதாயிற்று. பெர்லின் நகரிலே 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒலிக்களஞ்சியம் அந்நாளில் உலகத்து இசைகளை எல்லாம் மெழுகு உருளைகளிலே சேர்த்துக்கொண்டிருந்தது. அதற்காகவும் பாக்கே பதிவு செய்தார். 1931இல் மீண்டும் கீழைநாடு வந்து நேபாளம், இந்தியா, இலங்கை எனப் பல இடங்களிலும் உருளைகளை நிரப்பினார்.

அக்கருவியின் இயல்பை இன்றைய இளைஞர் அறிந்துகொள்ளல் நன்று. அதற்கு மின்சாரம் வேண்டா; சாவி முடுக்கினாற் சுழலும். பாடுவோர் ஒரு கொம்புக் குழலினுள் வாயை வைத்தாற்போல நின்று உரக்கப் பாடவேண்டும். அவ்வொலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகிலே பள்ளம் கீறும். ஓர் உருளை இரண்டு முதல் நான்கு நிமிடம் வரையே கொள்ளும். ஆலாபனை தொடங்கி இராகம் முகங்காட்டுமுன் மெழுகு தீர்ந்துவிடும். விடியும்வரை ஆடும் கூத்தை நான்கு நிமிடத்தில் அடைப்பது கடலைக் குடத்தில் அடைப்பது போன்றது. மேலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஊசி மெழுகைத் தேய்க்கும்; கேட்கக் கேட்கக் குரல் தேயும்.

அதனால் 1937இல் அவர் மூன்றாம் முறை வந்தபோது புதியதொரு கருவியைக் கொணர்ந்தார். ஜேர்மனியில் ஆக்கப்பெற்ற தெஃபிபோன் என்னும் அப்பொறி, உருளைக்குப் பதிலாக நீண்டதொரு நெகிழ்பொருட் பட்டையின்மீது ஊசியால் ஒலியைக் கீறியது. நெடும்பாடலையும் இடையறாது பதியலாம். ஒலியுடன் காட்சியையும் காக்கும் பொருட்டுப் படக்கருவியையும் உடன் கொண்டார். 1938இல் தமிழகத்திலும் மலையாளத்திலும் கன்னட நாட்டிலும் கோயில் இசை முதல் குடிமக்கள் ஆடல்வரை அவர் பதிவு செய்தவை, இன்று தென்னகக் கலை வரலாற்றுக்குக் கிடைத்தற்கரிய சான்றுகள். அந்நாளைய அறிஞர் பலரும் அரங்கேறிய இசையையே இசையென மதித்தனர். வயலிலும் தெருவிலும் கேட்ட பாட்டையும் அதற்கு ஒப்ப மதித்து அவர் செவி சாய்த்தார் என்பதே அவர் பெருமை.

இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் அவர் போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. பின்னர் இலண்டன் சென்று, கீழைத்தேய ஆபிரிக்க ஆய்வுக் கல்லூரியிலே வடமொழியும் இந்திய இசையும் கற்பித்தார்.

இதற்கிடையே ஒலிப்பதிவுக் கலையிலே பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்திருந்தது. எஃகுக் கம்பியிலே காந்த வலிமையால் ஒலியைப் பதியலாம் என்று டென்மார்க்கு நாட்டுப் போல்சன் 1898இற் காட்டினார். தாளின்மீது இரும்புத் துகள் பூசிய நாடாவை ஜேர்மனியரான புளொய்மர் 1928இல் அமைத்தார். 1935இல் பெர்லின் கண்காட்சியிலே நாடாப் பொறி பொதுமக்கள் முன் இயங்கியது. போருக்குப் பின் அஃது உலகெங்கும் பரவிற்று. 1955-56இல் பாக்கே மீண்டும் நேபாளம் சென்றபோது அவர் கொண்டு சென்றது இந்தச் சுருள்நாடாக் கருவியே. கால் நூற்றாண்டுக்கு முன் மெழுகிலே பதிந்த அதே நாட்டின் இசையை அவர் இப்போது நாடாவிலே பதிந்தார்.

அந்நாடாவின் அகலம் கால் அங்குலம். 1200 அடி நாடா சுற்றிய ஏழு அங்குலச் சுருள், நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் முப்பத்திரண்டு நிமிடம் பேசும். வேகத்தைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிக்கும்; ஆனால் ஒலியின் நுண்மை குறையும். சிக்கனம் பார்த்தவனுக்குச் சலங்கையொலி மங்கிவிடும் என்க. நாடா உராய்ந்து செல்லும் காந்தத் தலையிலே துகள் படிந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலாகும். ஆதலால் சாராவியில் தோய்த்த பஞ்சினால் அதனை அடிக்கடி துடைத்தல் வேண்டும். அளவுகாட்டி முள் எல்லை கடந்தால் ஒலி சிதறும். மிகத் தாழ்ந்தால் நாடாவின் இரைச்சல் பாட்டை விழுங்கும். ஒலிவாங்கியை மிக அணுக வைத்தால் பாடுவோர் மூச்சு மோதும். மிக விலக்கினால் சுவரின் எதிரொலியே மிஞ்சும். பறைக்கும் குழலுக்கும் ஒரே இடத்தில் ஒலிவாங்கி வைப்பவன் குழலை இழப்பான்.

இவை யாவும் கைப்பழக்கத்தால் வருவன. இவற்றின் மேலான ஒன்று உளது. அதனை எனக்கு உணர்த்தியது என் வாழ்வில் நேர்ந்த சிறு நிகழ்ச்சி.

யான் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலை ஒன்றிலே, பழைய அலுமாரியைத் துப்புரவாக்கியபோது சுருள்நாடா ஒன்று அகப்பட்டது. புளிக்காடி மணத்தது, பழைய நாடாக்கள் சிதையுங்கால் அம்மணம் வீசும். பெட்டியின் மேல் ஓரெழுத்தும் இல்லை. ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இருந்த பொறியிலே அதனை இட்டோம். முதுமகள் ஒருத்தி தாலாட்டுப் பாடினாள். குரல் தெளிவாயிருந்தது, இடையே கோழி கூவுவதும் கேட்டது. பதிந்தவர் கைதேர்ந்தவரே. ஆயினும் பாடியவள் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதைச் சொல்வார் இலர். கேட்ட முதியோர் ஒவ்வொருவரும் அது தம் ஊர்ப் பாட்டென்றே கருதினர். பத்து நிமிடத்தில் நாடா பலவிடத்து அறுந்தது. குரல் இருந்தும் அவள் பெயரின்றிப் போனாள்.

பாக்கே 1963ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இலண்டனிலே காலமானார். அவர் பதிவுகளுக்கு அந்த முதுமகளின் கதி நேரவில்லை. அவருடைய மாணவர் நசீர் ஜைராஸ்போய், தம் துணைவியார் ஏமி கற்லினுடன் 1984இல் தென்னகம் வந்தார். தம் ஆசிரியர் 1938இல் பதிந்த பாடல்களையும் ஆடல்களையும் அவ்வவ்விடங்களிலே தேடினார். சில கலைகள் மாறியிருந்தன, சில மறைந்திருந்தன, சில நிலைத்திருந்தன. அரை நூற்றாண்டின் மாற்றத்தை அளந்தறிய இயன்றது எவ்வாறு? எங்கே, எப்பொழுது, எது என்று பதிவுடன் குறிப்பும் இருந்தமையாலன்றோ? அத்தேடலின் பயன் 1991இல் வெளிவந்தது. ஜைராஸ்போய் 1982இல் இந்தியாவிலே நிறுவிய இசை ஆவணக் களஞ்சியம் அப்பதிவுகளின் படிகளைப் பேணி, பிறந்த மண்ணுக்கே அக்குரல்களை மீட்டுத் தந்தது.

இன்று சுருள்நாடாவின் காலம் போயிற்று. மாணவர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி உளது. பாக்கே வண்டியேற்றிச் சுமந்ததை அவர்கள் விரலால் தொட்டு இயக்குகின்றனர். பதிவு எளிதாயிற்று, எளிதானமையால் அடையாளமின்றிக் குவிகின்றது. பெயரற்ற பத்தாயிரம் பதிவு, பெயருள்ள ஒரு பதிவுக்கு ஈடாகாது.

ஆகவே, லக்கலவிலிருந்து பெயர்ந்த முதியவரிடமோ, தேயிலைத் தோட்டத்துப் பாட்டியிடமோ பாட்டுக் கேட்கச் செல்லும் மாணவர்க்கு ஆசிரியர் ஒன்று கற்பித்தல் வேண்டும். பாட்டுத் தொடங்குமுன் உங்கள் குரலாலேயே ஆண்டும் நாளும் இடமும் சொல்லுங்கள். பின்பு அப்பெரியவரை அவர் வாயாலேயே அவர் பெயரைச் சொல்லச் செய்யுங்கள். அரை நிமிடமே செல்லும். பேரப்பிள்ளையின் பேரன் ஒருநாள் அதனைக் கேட்டு, இது எங்கள் பாட்டி என்று அறிந்துகொள்வான்.