ஜி.டி. நாயுடுவும் அப்பாவின் ஷேவிங் செட்டும்



சில மாதங்களுக்கு முன் ஆரணியில் எங்கள் பழைய வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே அப்பாவின் ஷேவிங் செட். அப்பா குழித்தறியில் உட்கார்ந்து பட்டுச் சேலை நெய்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணைத் தூணில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, இந்த செட்டில்தான் முகம் மழிப்பார். மழுங்கிய பிளேடையும் தூக்கிப் போட மாட்டார். காகிதத்தில் சுற்றிப் பாதியாக ஒடித்து, தறியில் நூல் நறுக்க வைத்துக்கொள்வார்.

செட் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. கைப்பிடியைத் திருகினால் மூன்று துண்டாகக் கழல வேண்டும்; கழலவில்லை. பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் மரையில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டதும் கழன்றது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். புளி போட்டுப் பளபளப்பாக்கலாம் என்றும் ஓர் ஆசை. ஆனால் மேல் பூச்சு மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் பூச்சே போய்விடும் என்று வீட்டம்மா தடுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி.

அந்த மூன்று துண்டுகளையும் மேசையில் பரப்பி வைத்தபோது, எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாத ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். வங்கி வேலையில் சில காலம் கோயம்புத்தூரில் இருந்தேன். அவினாசி சாலையில் அவர் பெயரில் உள்ள கண்காட்சிக்கு அப்போது போயிருக்கிறேன். அவர்தான் ஜி.டி. நாயுடு. முகம் மழிக்கும் கருவிக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க நிலையோடு நின்றது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடியது அவர் தூக்கத்தைக் கெடுத்தது. கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். அவர் படித்த பொறியியல் கல்லூரி அதுதான்.

பருத்தித் தொழிலில் இறங்கிச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இழந்தார். பிறகு ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடிய அந்த ஒரு வண்டிதான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1930-களில் ஐரோப்பா சென்று அங்குள்ள தொழிற்சாலைகளைப் பார்த்தார். 1936-ல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். அந்தக் காலத்தில்தான் ‘ரசன்ட்’ என்ற மின்சார ஷேவிங் கருவியை உருவாக்கினார்.

அதன் அருமை புரிய, முன்கதை கொஞ்சம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ல் தம் செட்டை விற்க ஆரம்பித்தார். அந்த ஆண்டு விற்றவை வெறும் 51. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக 35 லட்சம் செட் வாங்கியதும் அது உலகமெங்கும் பரவியது. ஜேக்கப் ஷிக்கின் மின்சார ஷேவர் 1931-ல் கடைக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் நம் கோவைக்காரர், உலர் மின்கலத்தில் சுழலும் சிறு மோட்டார் வைத்து ரசன்டை உருவாக்கிவிட்டார். அன்று நம் கிராமங்களில் மின்சாரம் ஏது? பேட்டரியில் ஓட வேண்டும் என்ற யோசனை எவ்வளவு பொருத்தமானது என்று எண்ணிப் பாருங்கள். மிக மெல்லிய ஷேவிங் பிளேடும் அவர் செய்தார்.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொடங்கினார். இந்தியாவின் முதல் மின் மோட்டார் அங்கே தயாரானது. கோவை மோட்டார், பம்ப்செட் நகரமானதற்கு அது ஒரு விதை. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமையக் காரணமாக இருந்து, தாமே முதல்வராகவும் இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சி. நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை; விலகிவிட்டார்.

1952-ல் இருவர் அமரும் காரை 2,000 ரூபாய்க்குத் தர முன்வந்தார். அரசு உரிமம் தரவில்லை. கணக்கு எழுதியே பிழைத்த எனக்கு இந்த இடம்தான் வலிக்கிறது. தொழிலில் நட்டம் வந்தால் அடுத்த ஆண்டு ஈடு கட்டலாம். வராமலே போன காருக்கு எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது?

1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். 2025-ல் திறக்கப்பட்ட அவினாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

அப்பாவின் செட்டுக்கு வருகிறேன். இன்று கடையில் கிடைக்கும் இருபுறக் கூர் பிளேடு அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. சில ரூபாய்தான் விலை. முகத்தை வெந்நீரில் நனைத்து, நன்றாக நுரை போட்டு, செட்டின் எடையே இழுக்கும்படி முடி வளரும் திசையில் மழிக்க வேண்டும். அழுத்தினால் ரத்தம்தான்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பிளேடை அப்படியே குப்பைப் பையில் போட்டுவிட்டேன். மறுநாள் குப்பை பிரிக்கும் அம்மாவின் விரல் கிழிந்தது. மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஊசி போட்டு, அந்த வாரக் கூலியையும் கொடுத்தேன். ஆனாலும் அவர் கைக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் கூசுகிறது. எந்தப் பொருளையும் அது எப்படி வேலை செய்கிறது என்று கழற்றிப் பார்த்தவர் நாயுடு. பிளேடை ஒடித்துப் பத்திரப்படுத்தியவர் அப்பா. நானோ என் கையை விட்டுப் போன பிறகு அது யார் கையில் படும் என்று யோசிக்கவில்லை.

இப்போது ஒரு காலி பவுடர் டப்பாவில் கீறல் போட்டு, பிளேடுகளை அதில்தான் போடுகிறேன். நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே பிளேடு என்று எழுதி, தனியாகக் கையில் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு டப்பா வையுங்கள். டப்பா இல்லாதவர்கள் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான்கைந்து தயாராக வைத்திருக்கிறேன்.